இருபத்தாறில் ஒரு சிவப்புக் கோடு

"மதுரையில போய் ஹீட்டரா சார்?"

கேட்டுவிட்டுச் சிரித்தாள் கடைப் பெண். அந்தச் சிரிப்பு யாசீனுக்குப் பிடிக்கவில்லை. பழங்காநத்தத்தில் அவன் தேடி வந்த வளர்ப்பு மீன் கடை பூட்டிக் கிடந்தது. திடீரென்று பிடித்துக்கொண்ட மழைக்கு ஒதுங்கிய இடம்தான் இது. உள்ளே வந்து பார்த்தால் இதுவும் மீன் கடை! வரிசையாய்க் கண்ணாடித் தொட்டிகள்... அவற்றின் நீல வெளிச்சம் அவள் முகத்தில் பாதி விழுந்திருந்தது. பெரிய கண்கள். மழைக்கு முன்னால் வானம் இருட்டிக்கொண்டு வருமே, அந்தக் கறுப்பு. பார்த்தான்... உடனே பார்வையை எடுத்துக்கொண்டான்.

மார்கழிக் கடைசி. மூன்று நாளாய் விடாத தூறல். விளாங்குடியில் அவன் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் வெப்பம் இருபத்திரண்டு டிகிரிக்கு இறங்கியிருந்தது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள், நேற்று மாலையிலிருந்து மணலோடு ஒட்டிக் கிடக்கின்றன. ஷாஹீதா வளர்த்த மீன்கள். அவன் மனைவி. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. இரண்டு வருஷம் ஆயிற்று. அவள் விட்டுப்போனதில் இன்னும் மூச்சு விடுவது அந்த இரண்டும்தான். அவையும் போய்விட்டால்... அதற்கு மேல் அவனால் யோசிக்க முடியவில்லை.

"இதே மாதிரி கண்ணாடி ஹீட்டர். முன்னூறு வாட். சீக்கிரம் குடுங்க."

உடைந்த பழைய ஹீட்டரைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான். அவள் புரட்டிப் பார்த்தாள். அதன் திருகில், இருபத்தாறு என்ற எண்ணுக்கு நேராக மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று. அதைப் பார்த்ததும் அவள் சிரிப்பு எங்கோ போய்விட்டது.

"தண்ணி மாத்தும்போது பிளக்க கழட்டலையா?"

சுருக்கென்றது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன்னால் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் மாற்றுவது ஷாஹீதாவின் பழக்கம். அதை மட்டும் அவன் விடவில்லை. பிளக்கைக் கழற்ற வேண்டும் என்று அவள் சொன்னதில்லை... அவளே செய்துகொண்டிருந்தாள். மதுரை வெயிலில் வருஷத்தில் பத்து மாதம் ஹீட்டர் எரிவதே இல்லை. அதனால் இத்தனை நாள் தப்பித்தது. நேற்று அது எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் இறங்க, சூடேறிய கண்ணாடி வெளியே நின்றது. மேலே குளிர்ந்த உப்புத் தண்ணீரை ஊற்றினான். டப்...

"தண்ணிக்குள்ள கை வச்சப்போ கரண்டு மாதிரி விறுவிறுன்னு இருந்துச்சா?"

அவன் கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"வீட்டு பிளக்ல எர்த் இருக்கா?"

"நீங்க விக்கத்தான கடை வச்சிருக்கீங்க?"

"எர்த் இருக்கான்னு தெரியாம தர மாட்டேன். உப்புத் தண்ணி சார் அது. கரண்டுக்கு நல்ல தண்ணிய விட உப்புத் தண்ணின்னா ரொம்ப இஷ்டம்."

அவனுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்து, அதற்காக இன்னும் கோபம் வந்தது. பையை எடுத்துக்கொண்டு இறங்கினான். பின்னாலேயே வந்து, மழையில் நின்று, கடை அட்டையை அவன் கையில் திணித்தாள்.

"எங்க வேணா வாங்குங்க. ஆனா மாட்டிட்டுப் பக்கத்துலயே இருங்க. வேற மாதிரி தெரிஞ்சா கூப்பிடுங்க."

அவன் முதலில் தேடி வந்த எதிர்க்கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். போனான். ஒரு கேள்வியும் கேட்காமல் கொடுத்தார்கள்.

பகல் பன்னிரண்டுக்கு மாட்டினான். மெல்ல மெல்ல ஏறியது. இருபத்து மூன்று... இருபத்து நாலு... மீன்கள் மணலை விட்டு எழுந்தன. அவனுக்கு மூச்சு வந்தது. மூன்று மணிக்கு இருபத்தேழு. ஹீட்டரின் சிவப்பு விளக்கு அணைய வேண்டும். அணையவில்லை. திருகைக் குறைத்துப் பார்த்தான். அணையவில்லை. மாலைத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்டபோது இருபத்தொன்பது... மீன்கள் இப்போது நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

அட்டையைத் தேடி எடுத்தான்.

"இருபத்தொன்பது ஏறிருச்சு" என்றான். பேர் சொல்லவில்லை. அவள் யாரென்று கேட்கவும் இல்லை.

"சுவத்துல இருக்குற பிளக்க கழட்டுங்க. கழட்டிட்டீங்களா? ஃபேன தொட்டிப் பக்கம் திருப்பி வைங்க. தண்ணில கைய விடாதீங்க... விட மாட்டீங்கல்ல?"

"மாட்டேன்."

"அட்ரஸ் சொல்லுங்க. வாரோம்."

முக்கால் மணி நேரத்தில் மழையோடு ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் முதலில் இறங்கினார். பீர் முகமது, கடைக்காரர், அவளுடைய அத்தா. கண் பார்வை மங்கியதிலிருந்து கடை, மகள் சுஃபியாவின் கையில்தானாம். வீடு முழுக்க உப்பு மூட்டையும் வாளியுமாய் இருந்ததைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, வீட்ல டீத்தூளு கிடக்கா... இல்ல உப்பு மட்டுந்தானா?"

யாசீன் டீ போடப் போனான். அவன் திரும்பியபோது சுஃபியா பிளக் பெட்டியைக் கழற்றியிருந்தாள். மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் ஒயரே இல்லை. வெறும் ஓட்டை. இரண்டு வருஷமாய்... இல்லை, ஷாஹீதா இருந்த காலம் முழுக்க அப்படித்தான் இருந்திருக்கிறது.

மறுநாள் எலக்ட்ரீசியன் வந்து எர்த் இழுத்து, கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்சும் வைக்கும்வரை எதையும் மாட்டக் கூடாது என்றாள். அதுவரை வெந்நீர் நிரப்பி மூடிய பாட்டில்களை மிதக்கவிட்டுச் சமாளிக்க வேண்டும். பிறகு பையிலிருந்து இரண்டு ஹீட்டர்களை எடுத்தாள். கண்ணாடி இல்லை, டைட்டானியம். உப்பு அரிக்காது, உடையாது. வெப்பத்தைப் பார்த்து அணைப்பதற்குத் தனியாக ஒரு கன்ட்ரோலர். ஒயரைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் சொட்டு ஒயரோடு ஓடி பிளக்குக்குள் போய்விடும் என்று விரலால் வரைந்து காட்டினாள்.

"ரெண்டு எதுக்கு?"

"பெருசா ஒண்ணு வச்சா, அது அணையாமப் போனா எல்லாத்தையும் வேக வச்சிரும். இன்னைக்குப் பாத்தீங்கல்ல? அது செத்துட்டா எல்லாம் குளுந்து போயிரும். சின்னதா ரெண்டு இருந்தா... ஒண்ணு போனாலும் இன்னொன்னு கொஞ்ச நாளைக்குத் தாங்கும்."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அந்தச் சிவப்புக் கோட்டப் பாத்ததுமே தெரிஞ்சுச்சு. ஷாஹீதாக்கா எங்க கடையிலதான் வாங்குனாங்க. அவங்க தவறினதும் கேள்விப்பட்டேன். கண்ணாடி ஹீட்டரே போதும்னு நாந்தான் எடுத்துக் குடுத்தேன். அப்ப எனக்கு இம்புட்டு விவரம் பத்தாது. அதான் காலையில... உங்கள விட எனக்குத்தான் பயம்."

"கோடு?"

"நெயில் பாலிஷ். இருபத்தாறு மறக்காம இருக்க அக்கா போட்டது. தொழுகைக்கு ஆகாதுன்னு விரல்ல போட மாட்டேன், ஹீட்டர் விரல்ல போட்டா என்னன்னு கேட்டாங்க."

ஷாஹீதாவின் பீரோவில் ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் குப்பி இருந்தது. ஒருநாளும் போடாதவள் ஏன் வாங்கினாள்... இரண்டு வருஷமாய் விடை தெரியாத கேள்வி. சிரிப்பு வந்தது. சிரித்தான். சிரிப்பு நிற்காமல் கண்ணில் இறங்கியது. பீர் முகமது டீயை உறிஞ்சிக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மீன்கள் பிழைத்தன.

அன்றிலிருந்து தினமும் அஸருக்குப் பிறகு சுஃபியாவிடமிருந்து ஃபோன் வரும்.

"எம்புட்டு?"

"இருபத்தாறு."

அவ்வளவுதான். வைத்துவிடுவாள். ஒருநாள் இருபத்தைந்தரை என்றான். அரை டிகிரிக்காகப் பத்து நிமிஷம் பேசினாள். அந்தப் பத்து நிமிஷத்தை அவன் இரவு முழுக்க நினைத்தான். மறுநாள் மூன்று மணிக்கே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தான். அது உறைத்தபோது ஷாஹீதாவின் புகைப்படத்தைப் பார்க்க முடியவில்லை. அன்று சுஃபியா கூப்பிட்டபோது எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் பதினோரு முறை அடித்தது. பன்னிரண்டாவது முறை எடுத்தான்.

அழுதுகொண்டிருந்தாள். தண்ணீரில் கை வைத்துவிட்டானோ, பிளக்கில் ஏதும் ஆகிவிட்டதோ என்று பயந்து, அத்தாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பாதி தூரம் வந்துவிட்டாளாம்.

"இருபத்தாறு" என்றான் அவன். வேறொன்றும் சொல்ல வரவில்லை.

"சரி" என்றாள். வைத்துவிட்டாள்.

மாசி முடிந்தது. வெயில் ஏறியது. ஒருநாள் அவளே சொன்னாள்.

"இனி ஹீட்டர் வேணாம். கழட்டிக் கழுவி வச்சிருங்க. அடுத்த மார்கழிக்குப் பாத்துக்கலாம்."

மறுநாள் ஃபோன் வரவில்லை. அதற்கு மறுநாளும்... தொட்டியில் எல்லாம் சரியாக இருந்தது. அவனுக்குத்தான் எதுவும் சரியாக இல்லை. அந்த வெள்ளிக்கிழமை தண்ணீர் மாற்றிவிட்டு, கன்ட்ரோலரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

கடையில் அவள் மட்டும் இருந்தாள். அத்தா உள் அறையில். அவனைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். எழுந்ததை மறைக்க, மேசைமேல் இருந்த மீன் வலையை எடுத்து மடித்தாள்.

"என்ன ஆச்சு? ரிப்பேரா?"

"ஒண்ணும் ஆகல. நல்லா இருக்கு." அவள் கையிலிருந்த வலையைப் பார்த்தான். "அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்க. தண்ணில கை வச்சப்போ விறுவிறுன்னு இருந்துச்சான்னு... இருந்துச்சு. கைய உடனே எடுக்கல நான். ரெண்டு வருஷத்துல ஒடம்புக்கு மொதத் தடவையா ஏதோ தெரிஞ்சுச்சு. அதான்... வச்சிட்டே இருந்தேன்."

அவள் முகம் வெளுத்தது. வலை கையிலிருந்து நழுவியது.

"இப்ப அப்படித் தோணல. மூணு மணியானா ஃபோனைப் பாக்குறேன். நேத்து அடிக்கல. அது அந்தக் கரண்ட விட மோசமா இருந்துச்சு."

அந்தக் கறுத்த கண்கள் நிறைந்து நின்றன.

பையிலிருந்து கன்ட்ரோலரை எடுத்து வைத்தான். பக்கத்தில் அந்தச் சிவப்புக் குப்பி.

"இதுல இருபத்தாறுக்கு நேரா ஒரு கோடு போடணும்."

குப்பியைத் திறந்தாள். கவிழ்த்தாள். தட்டிப் பார்த்தாள்.

"காஞ்சு போச்சே..."

"புதுசு வாங்குவோம். சேந்து போய்."

குப்பியை மூடிக் கையிலேயே வைத்துக்கொண்டாள். பிறகு மிக மெதுவாக, அவள் சொன்னாள்.

"சிவப்பே வாங்கணும். அக்கா போட்ட கலரு."

"சுஃபியா... யாரும்மா அங்க?" உள்ளிருந்து பீர் முகமதின் குரல்.

அவள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"ஹீட்டர் கேட்டு வந்திருக்காங்க அத்தா."

"இந்த வெயில்லயா?" உள்ளே நாற்காலி நகரும் சத்தம். "வெளிய நிக்க வைக்காத. உள்ள வரச் சொல்லு அந்தத் தம்பிய."