இந்த வண்டி ஆஸ்பத்திரிக்கு இல்லை

டீசல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் போவதற்கு இந்த உலகத்தில் மூன்றே மூன்று காரணங்கள்தான் உண்டு. காற்று வராது, டீசல் வராது, அழுத்தம் வராது. நான்காவதாக ஒன்று இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. இனிமேல் கண்டுபிடிக்கப்படப் போவதும் இல்லை. கோவில்பட்டியில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் எடுக்கும் பிரின்ஸ்டன், இதை ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் கரும்பலகையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, நான்காவது காரணத்தைச் சொல்பவனுக்கு இன்டர்னலில் முழு மதிப்பெண் என்று அறிவிப்பான். ஏழு வருடத்தில் ஒருவனும் வாங்கியதில்லை.

அவன் வண்டி நின்றபோது மணி பன்னிரண்டு ஐந்து.

நின்ற விதம்தான் கொஞ்சம் சரியில்லை. டீசல் தீர்ந்த வண்டி இருமும். காற்று புகுந்த வண்டி திணறும். இது இரண்டும் செய்யாமல், சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தவர் யாரையோ கண்டதும் வாயை மூடிக்கொள்வதைப் போல அடங்கி, நாற்பது அடி உருண்டு, ஒரு மைல்கல்லுக்குப் பக்கத்தில் ஓரமாக நின்றது.

"என்னாச்சுங்க?" பின்சீட்டிலிருந்து வினோலியா கேட்டாள். வலது கதவில் தலை சாய்த்து, காலை நீட்டிப் படுத்திருந்தாள். நைட்டி வியர்வையில் ஒட்டியிருந்தது.

"ஒண்ணுமில்ல. அஞ்சு நிமிஷம்."

"இந்த வழி வேண்டாம்னு சொன்னேம்லா."

சொன்னாள்தான். பசுவந்தனைக்குக் கிழக்கே இருக்கும் அவளது தாய்வீட்டில் தலைப்பிரசவத்துக்காக விட்டிருந்தவளை, ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தான். குறித்த நாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே வலி வந்துவிட்டது. மாமியார் மேரிராணி நாகலாபுரத்தில் ஒரு சாவுக்குத் துட்டி கேட்கப் போயிருந்தார். நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவதாகப் போனில் அழுதார். பார்க்க வந்த நர்ஸ், பிள்ளைக்குக் கால் கீழே இருக்கிறது, ஆபரேஷன் செய்கிற இடத்துக்கே போய்விட வேண்டும், நேரம் கடத்தக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள் என்றார். அரியர் வைத்த பையன்களுக்கென்று பிரின்ஸ்டன் தனியாக ஒரு சிரிப்பு வைத்திருந்தான். அதைச் சிரித்து, "என் வண்டி ரெடியா நிக்குது சிஸ்டர்" என்றான்.

பிறகு பிரிவுச்சாலை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பசுவந்தனை வழியாகச் சுற்றித்தான் போவார்கள் என்றாள் வினோலியா. சுற்றினால் ஒன்பது கிலோமீட்டர் அதிகம். "உங்க ஊர்க்காரவிய மேப்புக்கே வழி சொல்லுவாவ" என்று குறுக்குச் சாலையில் திருப்பினான்.

சாவியைத் திருப்பினான். செல்ஃப் கம்பீரமாகச் சுற்றியது. பேட்டரியில் குறையில்லை. இறங்கிப் போய் புகைக்குழாயைப் பார்த்தான். புகை வந்த அடையாளமே இல்லை. டீசல் உள்ளே போய் எரியாமலிருந்தால் வெள்ளையாகப் புகையாவது வரும். ஆக, இரண்டாவது காரணம். டீசல் வரவில்லை. முதல் வருட மாணவன்கூடச் சொல்லிவிடுவான். பிரின்ஸ்டனுக்கு நிம்மதியாக இருந்தது; வண்டியின் மேல் லேசான இளக்காரம்கூட வந்தது.

பானெட்டைத் தூக்கினான். சூடான ஆயிலும் ரப்பரும் கலந்த வாடை முகத்தில் அறைந்தது. சாலையின் இரண்டு பக்கமும், பருத்திச்செடி பிடுங்கிய கரிசல்காடு, கால் நுழையும் அளவுக்கு வெடித்து, வானம் தொடும் இடம்வரை கறுப்பாகக் கிடந்தது. வெகுதூரத்தில் காற்றாலைகள், ஒன்றும் சுற்றவில்லை. நிழல் என்று பார்த்தால் வண்டிக்கு அடியில் ஒரு முழம், அவன் காலடியில் ஒரு சாண். ஒரு காக்கையின் சத்தம்கூட இல்லாத அந்த உச்சிவெயிலில், எஞ்சின் ஆறும்போது எழும் டிக் டிக் சத்தமும் வினோலியா பல்லைக் கடித்து மூச்சுவிடுவதும் மட்டும் கேட்டன.

டீசல் ஃபில்டரின் அடியில், தேங்கும் தண்ணீரை வெளியேற்றுவதற்கு ஒரு திருகு உண்டு. காலித் தண்ணீர் பாட்டிலை ஏந்திக்கொண்டு அதைத் தளர்த்தினான். தண்ணீர் வந்தது.

"தண்ணி!" என்றான், தங்கம் கிடைத்தவன் போல. "பங்க்ல தண்ணி கலந்து அடிச்சிருக்கான், களவாணிப்பய. வினோ, முடிஞ்சிட்டு."

அந்த ஃபில்டரில் அதிகம் போனால் ஒரு டம்ளர் பிடிக்கும். ஒரு லிட்டர் பாட்டில் கழுத்துவரை நிறைந்தது. டேங்கிலிருந்து இறங்கியிருக்கும் என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லி, அதைச் சாலையில் ஊற்றிவிட்டு மறுபடி பிடித்தான். மறுபடி நிறைந்தது. டீசல் வாடையே இல்லை. கலங்கல், கறுப்பு. கொதிக்கும் எஞ்சினிலிருந்து வந்த தண்ணீர், அவன் விரல்களை விறைக்க வைக்கும் குளிரில் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனான். ஐப்பசியில் நாலு நாள் விடாமல் நனைந்த கரிசலின் வாடை.

திருகை இறுக்கினான். தண்ணீர் தீர்ந்ததால் அல்ல.

டீசலை ஏற்றும் கைப்பம்பை அமுக்கினான். கெட்டியாக நின்றது. இன்ஜெக்டர் குழாயின் நட்டை நெகிழ்த்தி, ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைத் திருப்பினான். சுத்தமான டீசல் பீறிட்டது. டீசல் வருகிறது. நட்டை இறுக்கி, காற்றுக்குழாயைக் கழற்றிப் பார்த்தான். காற்று தாராளம். அழுத்தமோ, ஒரு மணி நேரத்துக்கு முன்னால் மேடேறிய எஞ்சினில் திடீரென்று எங்கே போகும்? மூன்றும் இருந்தன. உட்கார்ந்து நீளமாகச் சுற்றினான். ர்ர்ர்ர்ர்ர். கையை எடுத்தான்.

சத்தம் உடனே நிற்கவில்லை. ஒரு கணம் கூடுதலாக இழுத்து, முனகலாகி, பிறகு அடங்கியது.

"சாவிய விட்டுட்டீங்களா?" என்றாள் வினோலியா.

"விட்டுட்டேன்."

"அப்ப இது யாரு?" உதடு காய்ந்திருந்தது. "எனக்கு வலி வரும்போதெல்லாம் வெளியயும் ஒருத்தி முனங்குதா."

வலியில் ஆயிரம் கேட்கும் என்று பிரின்ஸ்டன் முடிவுசெய்தான். போனை எடுத்து, வண்டிக்கு மறுபக்கம் நடந்துபோய், அவளுக்குக் கேட்காத குரலில் 108-ஐ அழைத்தான். நாற்பது நிமிடம் என்றார்கள்.

அப்போதுதான் மொபெட் வந்தது. பின்னால் இரண்டு கரிமூட்டை கட்டி, தலையில் துண்டு சுற்றி, ஒரு பெண். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, மைல்கல்லுக்கு நேராகக் காலை ஊன்றி, சீட்டில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, மூட்டையை ஒரு தட்டுத் தட்டி, ஆளில்லாத காட்டைப் பார்த்துச் சொன்னாள்: "ஆஸ்பத்திரிக்கு இல்ல தாயி. மாரிச்செல்வி கரி இறக்கப் போறேன்."

பிரின்ஸ்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மா, காட்டுக்கு லோடு விவரம் வேற சொல்லணுமா?"

"வண்டி மக்கர் பண்ணுதா அண்ணாச்சி?" என்றபடி உள்ளே எட்டிப் பார்த்த மாரிச்செல்வியின் முகம் மாறியது. "புள்ளத்தாச்சியக் கூட்டிட்டா வந்திய? இந்த வழியாவா?"

"ஏன், இவியளுக்குத் தனி ரோடு போட்டிருக்கா?"

"சொன்னீயளா?"

"யார்ட்ட? என்னன்னு?"

"மினி பஸ் கண்டக்டரே இங்கன பின்கதவத் தொறந்து, ஆஸ்பத்திரிக்கு இல்லன்னு சொல்லிட்டுத்தான் மூடுதான். மண்ரோடா இருக்கும்போது, நல்ல அடைமழையில ஒரு கார் இங்கன கரிசல்ல புதைஞ்சுபோச்சு. உள்ள வலி எடுத்த புள்ள. ஒருத்தராலயும் தள்ள முடியல. இறங்கி நடந்திருக்கா. நடக்க நடக்க மண்ணு கால்ல அப்பி, அப்பி, பானை பானையா ஏறிக்கிட்டு. காலத் தூக்க மாட்டாம அங்கன உக்காந்தா." கையால் காட்டவில்லை, கண்ணால் மட்டும் காட்டினாள். "உக்காந்தவ எந்திரிக்கல. வயித்துப் புள்ளையும் வெளிய வரல. இன்னும் ஆஸ்பத்திரி வண்டிக்குத்தான் நிக்கா."

"பாவம். பஸ் ஸ்டாப்பு கட்டிக் குடுக்கச் சொல்லுங்க, ஃபேன் போட்டு." பிரின்ஸ்டன் ஸ்பானரைத் துணியில் துடைத்தான். "சரி, கரி ஏத்துறவிய இல்லன்னு சொல்லிட்டுத் தப்பிச்சிரலாம். ஆஸ்பத்திரிக்குப் போறவன் என்ன சொல்லணும்? அதுக்கும் ஒரு சிலபஸ் இருக்கும்லா?"

மாரிச்செல்வி சிரிக்கவில்லை. "தெரியல அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்குப் போறவிய யாரும் இந்த வழி வந்ததில்ல."

மெயின் ரோட்டில் ஏதாவது வேன் கிடைத்தால் அனுப்புவதாகச் சொல்லிப் போனாள். மொபெட்டின் சத்தம் தேய்ந்து, சுத்தமாக இல்லாமல் போனது.

மீதமிருந்தது முனகல். இப்போது அவனுக்கும் கேட்டது.

வினோலியா கத்தும்போது அதுவும் எழுந்தது. அவள் மூச்சு வாங்கும்போது அதுவும் வாங்கியது. தாழ்ந்த குரல், தரையோடு தரையாக வருவது. காட்டிலிருந்து வருகிறது என்று நினைத்தான். அடுத்த வலிக்கு அது சாலையோரத்துக்கு வந்திருந்தது.

டொக்.

இடது பின்கதவின் கைப்பிடி, வெளியிலிருந்து. பூட்டியிருந்த கதவு அசையவில்லை.

டொக். டொக்.

"ஏங்க," வினோலியாவின் குரல் உடைந்தது. "இறங்குதுங்க. ஏதோ கீழ இறங்குது. இனிமே தாங்காது. புள்ள போயிரும்ங்க. எதாவது செய்யுங்க."

மறுபக்கம் சுற்றிப் போனான். வெயிலில் தார் இளகிக்கொண்டிருந்தது. அதன்மேல் தடங்கள். வெடித்துக் காய்ந்த காட்டிலிருந்து ஏறி, சாலையைக் கடந்து, கதவுவரை. விரலோ குதிகாலோ இல்லாத, பானை அடியளவு வட்டங்கள். ஈரம். கறுப்பு. கைப்பிடியில் அப்பியிருந்த சேறு சொட்டிக்கொண்டிருந்தது.

திரும்பிப் போன தடம் இல்லை.

முன்பக்கமாகக் கையை விட்டுப் பூட்டை எடுத்து, மினி பஸ் கண்டக்டரைப் போலப் பின்கதவைத் திறந்தான். தொண்டையைச் செருமினான். பாடம் எடுக்கும் குரலில் ஆரம்பித்தான். அது பாதியில் காணாமல் போனது.

"இந்த வண்டி... ஆஸ்பத்திரிக்கு இல்ல."

உள்ளே வினோலியா அலறினாள். வெளியே, அவன் இடுப்பளவு உயரத்தில், கைக்கெட்டும் தூரத்தில், அதே அலறல்.

ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினான். ர்ர்ர்ர். ஒன்றுமில்லை. மறுபடி. ஒன்றுமில்லை.

"பொய் சொல்லாதீங்க," என்றாள் வினோலியா, கண்ணைத் திறக்காமல். "கேட்டுக்கிட்டுத்தான் நிக்காவ."

பிரின்ஸ்டன் இறங்கினான். சாலையின் இந்த முனையையும் அந்த முனையையும் பார்த்தான். யாரும் வரவில்லை. திறந்திருந்த கதவுக்குப் பக்கத்தில் போய் நின்று, மாமனார் வீட்டுப் பெரியவர்களுக்கு முன்னால்கூடக் குனியாத தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, யாருக்கும் கேட்டுவிடாதபடி சொன்னான்.

"ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம் தாயி. ஏறுங்க."

நீட்டியிருந்த காலை வினோலியா மடக்கிக்கொண்டாள்.

வண்டியின் இடதுபக்கம் இறங்கியது. மெதுவாக. ஸ்பிரிங் முனகும் அளவுக்கு. அவன் காத்திருந்தான். பிறகு, சேலை சிக்கிவிடாமல் பார்த்துச் சாத்துவது போல, கதவைப் பதமாகச் சாத்தினான்.

அரைச் சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

ஓட்டினான். மூன்றாவது கியர், நான்காவது கியர். ஈர மண்ணின் வாடை ஏசிக் காற்றில் நிறைந்தது. இரண்டு கிலோமீட்டர் போயிருப்பான். பின்னால் வினோலியாவின் சத்தம் நின்றுபோனதைக் கவனித்தான்.

"வினோ?"

"வலி நின்னுட்டுங்க." நிதானமான குரல். தூங்கி எழுந்தவளுடையது போல.

ஆனால் முனகல் கேட்டுக்கொண்டிருந்தது. இடதுபக்கத்திலிருந்து. இப்போது அது மட்டும்.

பார்க்கக் கூடாது என்று நினைத்தபடியே கண்ணாடியை நிமிர்த்தினான். வினோலியா எழுந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்துச் சீட்டில் யாரும் இல்லை. சீட்டுத் துணி மட்டும் ஓர் ஆள் அளவுக்கு அமுங்கி, அதிலிருந்து கறுப்புத் தண்ணீர் கசிந்து கீழே ஒழுகிக்கொண்டிருந்தது. வினோலியா அந்தப் பக்கம் சாய்ந்து, காற்றில் ஒரு நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

"முக்குங்க," என்றாள் அன்பாக. "இன்னும் கொஞ்சந்தான். முக்குங்க."

அவள் வயிற்றின் மேல் நைட்டி தட்டையாகக் கிடந்தது.