தலைகீழாய்க் கிடந்த கிளிஞ்சல் மேடு

செவ்வாய், மாலை 4.40. பழவேற்காட்டு ஏரிக்கரையில் கிளிஞ்சல் மேடு சரிந்து, அதனடியில் கோதண்டம் செத்துக் கிடந்தான். முதலில் பார்த்தவள் கஸ்தூரியம்மாள், இருபது வருடமாக அவனோடு சேர்ந்து அங்கே சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் வெட்டும் மனைவி. குடித்துவிட்டு மேட்டு நிழலில் தூங்குவது அவன் வழக்கம். அலை அடியை அரித்து மேடு தானாக விழுந்துவிட்டது என்றது ஊர்.

எஸ்.ஐ. ரிஃபா உள்ளூர்க்காரி. சரியென்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம், பாவி மகள் போகவில்லை. மேட்டின் அடியில் பழைய கடல் விட்டுப்போன கிளிஞ்சல், நடுவில் கறுப்புச் சேறு, உச்சியில் காற்று கொட்டிய மணல். அரித்து விழுந்தால் அதே வரிசையில்தான் உட்காரும். இங்கே பிணத்தை ஒட்டி மணல், அதன்மேல் சேறு, எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளை வெளேரென்று கிளிஞ்சல். யாரோ உச்சியிலிருந்து வெட்டித் தள்ளியிருக்கிறார்கள். கொலை என்று எழுதினாள்.

புதன், காலை 9.15. மருமகன் தீனாவை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். கர்ப்பிணி மகள் அமுதவல்லியைக் கோதண்டம் அடித்ததற்காகத் திங்களன்று மாமனாரோடு மல்லுக்கு நின்றவன் அவன். நேற்று தனியாக வலைக்குப் போனேன் என்றான், சாட்சி இல்லை. அமுதவல்லி காலில் விழுந்ததும் ரிஃபா அவளைத் தூக்கி நிறுத்தினாள். அவன் செய்யவில்லையென்றால் வெளியே கொண்டுவருவது என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தாள்.

பகல் 12.30. ரிஃபா மேட்டில் ஏறிப் பார்த்தாள். புது வெட்டு படிப்படியாக இறங்கியிருந்தது. அடியைத் தோண்டினால் மேடு ஆளை விழுங்கும் என்று கிளிஞ்சல் வெட்டுபவர்கள் மேலிருந்து படி வைத்துத்தான் இறங்குவார்கள். வலைக்காரன் தீனா அடியில்தான் மண்வெட்டியைப் போட்டிருப்பான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

ரிஃபா வீட்டுக்குப் போனபோது கஸ்தூரியம்மாள் மாற்றுப் புடவையை மஞ்சள் பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மேட்டுல வெட்டறது நீங்க ரெண்டு பேர்தானே?"

"ஆமா."

"படி வெச்சு வெட்டியிருக்கீங்க."

"கை பழகிப் போச்சும்மா. நான் வாங்கின அடியெல்லாம் போவட்டும். புள்ளத்தாச்சிய வயித்துலயே உதைச்சான். இனிமே இன்னா பொறுக்கறது? தீனாவ இட்டுனு போயிட்டாங்கன்னதும் ஸ்டேஷனுக்கு நானே கெளம்பிட்டேன்."

பிற்பகல் 3.00. தீனா வெளியே வந்தான், கஸ்தூரியம்மாள் உள்ளே போனாள். கொடுத்த வாக்கை ரிஃபா காப்பாற்றிவிட்டாள். அமுதவல்லி புருஷன் பக்கம் திரும்பவேயில்லை, ரிஃபாவைப் பார்த்துக் கேட்டாள்.

"மேடுதான் விழுந்துச்சுனு ஊரே சொல்லுச்சே. நீ மட்டும் ஏன்க்கா நம்பல?"