ஈரத் தோல்

தனி ரூமில் அடைத்திருந்த இரமின் செருப்பை வாசலில் காணோம். கதவு மட்டும் வெளியே தாழ்ப்பாள் போட்டது போட்டபடியே இருந்தது.

அந்த மனநலக் காப்பகத்தில் அது ஒரு பழக்கம். யாரையாவது தனி ரூமில் அடைத்தால் அவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிடுவார்கள். டூட்டி மாறி வருகிறவர்கள் செருப்பைப் பார்த்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

"அமிர்தவள்ளிக்கா, இந்தப் பொண்ணு செருப்ப எடுத்தீங்களா?" என்று கேட்டாள் அட்டெண்டர் ஷர்மிளா.

"நான் இன்னாத்துக்கும்மா எடுக்கப்போறேன்? இன்னிக்கு அந்தப் பக்கமே வரல." பெருக்குகிற அமிர்தவள்ளி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மசூதியில் அந்தி நேர மஃரிப் பாங்கு ஓய்ந்து, கரண்டும் போய், ஆம்பூர்க் காற்றில் என்றைக்கும் இருக்கிற தோல் பதனிடுகிற ஷாப்புகளின் நாற்றம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, வராந்தாவின் ஃபினாயில் வாடையோடு சேர்ந்துகொண்டு தொண்டையைக் கமற வைத்துக்கொண்டிருந்த நேரம் அது. ஷர்மிளா கதவில் காதை வைத்தாள். கத்தல் இல்லை. முனகல்கூட இல்லை. காலையில் ஊரையே கூட்டின பெண்ணா இது என்று நினைத்தபோதுதான் ஞாபகம் வந்தது.

காலையில் அவளைக் கட்டிலோடு கட்டின பெல்ட் ஈரம்.

ஏதோ ஷூ கம்பெனியார் புண்ணியத்துக்குக் கொடுத்த தோல் பெல்ட்டுகள் அவை. முந்தின நாள் நனைந்து போனதை ஷர்மிளாதான் அலசிப் போட்டிருந்தாள். பார்வையிட ஆள் வருகிறார்கள், அதுக்குள்ள அவளை அடக்கு என்று மேனேஜர் காலையில் குதித்தார். காயாத பெல்ட்டையே எடுத்து இரண்டு மணிக்கட்டிலும் மார்பிலும் இழுத்து மாட்டிவிட்டாள். ஈரத் தோல் காயக் காயச் சுருங்கும். அது சுருங்கக் கூடாதென்றுதானே ஷாப்பில் பலகையில் இழுத்து ஆணி அடிக்கிறார்கள். தோல் ஷாப்பிலேயே கிடந்த அப்பனுக்குப் பிறந்தவளுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அவசரத்தில் மறந்து தொலைத்தாள்.

"அக்கா, ஜாஸ்தி டைட்டா இருக்கு. மூச்சு வுட முடியல," என்று இரம் கெஞ்சினாள். காலேஜ் போக வேண்டிய வயசு.

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க," என்று சொல்லிவிட்டு வந்தவள்தான். வந்தவர்கள், மருந்து, சோறு, புதுசாகச் சேர்ந்த ஒருத்தி என்று பொழுது போய்விட்டது. எட்டிக்கூடப் பார்க்கவில்லை, பாவி.

ஆண்டவரே, அந்தப் பொண்ணுக்கு உயிர் இருந்தா போதும்.

தாழ்ப்பாளை இழுத்தாள். ரூமுக்குள் செருப்புக் காலோடு போய் அவளுக்குப் பழக்கமில்லை. கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனாள்.

"இரம்? தங்கம், அக்கா வந்துட்டேன்மா."

கால் எதிலோ தட்டியது. குனிந்து தடவிப் பார்த்தாள். செருப்பு. இரமுடையது. வெளியே பூட்டின ரூமுக்குள் அது எப்படி வந்தது?

கட்டிலைத் தடவினாள். பெல்ட் மாட்டினபடியே கிடந்தது. காய்ந்து விறைத்திருந்தது. மணிக்கட்டு வளையத்துக்குள் இரண்டு விரல்தான் நுழைந்தது. உள்ளே கை இல்லை. அடுத்ததிலும் இல்லை. மார்புப் பட்டை மெத்தையோடு ஒட்டி இறுகியிருந்தது.

பின்னால் கதவு சாத்தித் தாழ்ப்பாள் விழுந்தது.

தானியேல். சாயந்திர டூட்டிக்கு வந்தவன் வாசலில் செருப்பைப் பார்த்திருக்கிறான்.

"தானியேலு! நான்தான்டா, ஷர்மிளா! கதவத் தொற!"

வெளியே சிரிப்புச் சத்தம். "போன வாரம் இருந்தவங்க டாக்டரே நான்தான்னு சொன்னாங்க. இது அச்சு அசல் அக்கா மாதிரியே பேசுது பாரேன். படும்மா, படு."

உள்ளே இருந்து யார் என்ன சொன்னாலும் நம்பாதே என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். கதவைத் தட்டக் கை ஓங்கினாள்.

ஒரு கை அவள் வாயைப் பொத்தியது.

"கத்தாதக்கா." காதோரம் இரமின் குரல். "கத்துனா ஊசி போடுவாங்க. பேசாம இருந்தா அவுத்து வுடுவாங்க." பாசமாகத்தான் சொன்னாள்.

இருக்கிறாள்! உயிரோடு இருக்கிறாள்! ஷர்மிளாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தக் கையைப் பற்றிக்கொண்டாள். ஜில்லென்று இருந்தது. மணிக்கட்டைச் சுற்றிப் பள்ளம். விரல் முழுசாகப் புதைகிற பள்ளம். பழக்க தோஷம், நாடி பார்த்தாள்.

இல்லை.

விரலை நகர்த்தி அழுத்தினாள்.

இல்லை.

கதவு ஓட்டையில் டார்ச் வெளிச்சம் வந்தது. தானியேலின் கண் தெரிந்தது. கத்தினாள். சத்தம் அந்தக் கையைத் தாண்டவில்லை.

"அடங்கிட்டா," என்றான் தானியேல். வெளிச்சம் போனது. காலடிச் சத்தம் வராந்தாவின் கோடி வரைக்கும் போய் நின்றது.

இன்னொரு கை பின்னாலிருந்து மெதுவாக அவள் மார்பைச் சுற்றி வந்தது.