கோடாலி மோகினியின் குரல்

ராமசெல்வி படியேறி வந்தபோது புடவை முழுக்க ரத்தம். கல்மண்டபம் பகுதியில் மாடி அறை வைத்திருக்கும் துப்பறிவாளர் ஹுமாயூன் எத்தனையோ பேஜாரைப் பார்த்தவர்தான். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"சார், டைரக்டர் ஸ்டானிஸ்லாஸை வெட்டிப் போட்டுகீறாங்க! தூக்கி மடில வெச்சேன், தலை தனியா சாயுது. கயுத்துல ஒண்ணும் மிச்சமில்ல சார்!"

பின்னாலேயே அவள் தோழி நீலா. அவளுக்கும் பின்னால், கையில் விலங்கோடு இன்ஸ்பெக்டர் தீனா.

உதவியாளர் ஃபரா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். "சார், 'கோடாலி மோகினி' ஹீரோயின்!"

முப்பது வருஷத்துக்கு முன் எண்ணூர்க் கிடங்கில் ஸ்டானிஸ்லாஸ் எடுத்த ரத்தக்களரிப் படம் அது. அன்று ஒரு வாரம்கூட ஓடவில்லை. இன்றைய பிள்ளைகளோ தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்! அடுத்த மாதம் புதுப் பிரிண்ட் வருகிறது.

தீனா செல்போனை நீட்டினார். "செத்தவரோடது. கடைசி நேரத்துல ரெக்கார்டிங் போட்டிருக்கார்."

ஒரு பெண் குரல் சீறியது: "கழுத்தைக் காட்டுடா, ஸ்டானி!" பிறகு ஏழு வெட்டு. மூன்றாவதிலேயே அலறல் அடங்கிவிட்டது.

"அதே வசனம், அதே குரல். தமிழ்நாட்டுக்கே தெரியும்," என்றார் தீனா.

நீலா கண்ணைத் துடைத்தாள். "முப்பது வருஷப் பழக்கம். இருந்தாலும் பொய் சொல்ல மனசு வரலை. இது செல்வி குரல்தான்."

ராமசெல்வி தரையில் சரிந்தாள். இன்ஸ்பெக்டரை அல்ல, நீலாவையே பார்த்தாள். "தூக்குல போட்ருவாங்களே சார்..."

"அம்மா, அந்த வசனத்தைச் சொல்லுங்கள்," என்றார் ஹுமாயூன்.

"கயுத்தக் காட்டுடா."

"இன்னொரு தடவை."

"கயு... கயுத்து. எனக்கு வராது சார். அதுக்கோசரம்தான் ஸ்டானி வேற ஆளை வெச்சு டப்பிங் பண்ணாரு. யாருன்னு சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிகீறேன்."

"நீங்கள் சொல்லவே வேண்டாம்." ஹுமாயூன் நீலா பக்கம் திரும்பினார். "படம் பார்த்தவர்கள் ஏமாறலாம். கூடவே இருந்த நீங்கள் எப்படி ஏமாந்தீர்கள்? இவர் வாயில் 'ழ' வராது என்று தெரிந்திருந்தும் இவர் குரல்தான் என்றீர்கள். உங்கள் வாயில் மட்டும் 'பழக்கம்' எவ்வளவு சுத்தமாக வந்தது! கழுத்தை ஒரு தடவை சொல்லுங்களேன், கேட்போம்."

நீலா சிரித்தாள். பேசியபோது வந்தது மோகினியின் குரல்.

"புதுப் பிரிண்ட்லயாவது என் பேரைப் போடுன்னேன். 'குரலுக்கு எதுக்குடி பேரு? அது செல்வி குரல்'னான். வெட்டப் போறேன்னு தெரிஞ்சு அவன் போன்ல ரெக்கார்டிங் போட்டதைப் பார்த்தேன். ஊரே இவ குரல்னு சொல்லுது, கொலையும் இவளுதாவே இருக்கட்டும்னுதான் அப்படிப் பேசினேன்."

"எங்கிட்ட கேட்டிருந்தா, அது உன் குரல்னு ஊருக்கே நானே சொல்லிருப்பேனேக்கா!" என்று ராமசெல்வி கதறினாள்.

தீனா நீலாவின் கையில் விலங்கை மாட்டிவிட்டு, வாக்குமூலம் எழுத உட்கார்ந்தார்.

"பேரு?"

"நீலா," என்றாள். "பெருசா எழுதுங்க சார்."