முகங்களுக்குப் போதாத மின்சாரம்

தேர்தல் உரையின் மூன்றாவது பத்தியை மருதாசலம் எட்டியபோது, கூட்டத்திலிருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் மூக்கு மறைந்துபோனது. நான்காவது பத்தியில் கண்களும் போயின. அவித்த உருளைக்கிழங்குகளைப் போல வரிசையாக உட்கார்ந்திருந்தவை, உரை முடிந்ததும் பலமாகக் கைதட்டின.

"பாத்தியா சாரதா, எப்படித் தட்டறாங்க!" என்றார்.

"மூஞ்சியே இல்லீங்களே. யாரு தட்டறான்னு எப்படித் தெரியும்?" என்றாள் மனைவி சாரதாமணி, கீரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

அதுதான் மருதாசலத்தின் கவலையும். நடக்கப்போவதை முன்கூட்டியே ஓட்டிக் காட்டும் ஒத்திகைப் பெட்டி இல்லாத வீடு கோவையில் கிடையாது. பெண் பார்க்கப் போகுமுன், விடுப்புக் கேட்கப் போகுமுன், சம்பந்தியிடம் சண்டைக்குப் போகுமுன்கூட, எல்லாரும் பெட்டியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டினார்கள். நாளை யார் என்ன பேசப்போகிறார்கள் என்பதை வீட்டுக்கு வீடு பெட்டிகளே தங்களுக்குள் பரிமாறிக்கொண்டன. இதென்ன அநியாயம் என்று ஆரம்பத்தில் சிலர் போராடக் கிளம்பினார்கள். போராட்டம் எப்படி முடியும் என்று ஒத்திகை பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகு மருதாசலம் உள்ளே வந்தால் எழுந்து நிற்பவர் யாருமில்லை. பொன்னூஞ்சல் வளாக நலச் சங்கத்தில் அவர் செயலாளர். நாற்காலி போடுவதும் ஒலிபெருக்கி சோதிப்பதும்தான் வேலை. தலைவராகிவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. போன தேர்தலில் பெட்டிக்குள் கைதட்டல் கூரையைப் பிளந்தது. நேரில், "நானும் நிக்கறேனுங்க" என்று கூட்டத்தின் நடுவே எழுந்த ஒருவரிடம் தோற்றுப்போனார். கூட்டத்தில் எழுந்து யார் வேண்டுமானாலும் போட்டியிடலாம் என்பது விதி. தோற்கடித்தவர் வீட்டை விற்றுக்கொண்டு போய்விட்டதால், வரும் ஞாயிற்றுக்கிழமை மறுதேர்தல்.

"இது கடைக்காரன் கட்டிக் குடுத்த பெட்டி மாமா," என்றான் சாரதாமணியின் தம்பி பூபதி, திருகாணிகளைக் கழற்றிக்கொண்டே. "இதுக்குள்ள இருக்கற காட்சியட்டை உங்க ஒருத்தரைத்தான் முழுசா வரையும். மத்தவங்கெல்லாம் சும்மா நெரப்பறதுக்கு."

"பெரிய அட்டையா மாட்டு மாப்ளே. எனக்கு முகம் வேணும்."

பெரிய அட்டை பெட்டிக்குள் நுழையவில்லை. பூபதி உள்ளேயிருந்த தகரத் தடுப்பொன்றை வெட்டி எறிந்து, பேருந்து நெரிசலில் ஆளைத் திணிப்பது போல அதைத் திணித்தான். மருதாசலம் துண்டைச் சரிசெய்துகொண்டு, "அன்பார்ந்த" என்றார். மண்டபம் விரிந்தது. வளாகத்துச் சனம் மொத்தமும் மூக்கும் முழியுமாக அவர் பக்கம் திரும்பியது. திரும்பிய அதே நொடியில் பெட்டி செத்துப்போனது.

"என்னடா ஆச்சு?"

"மின்வழங்கி தாங்கலீங்க. ஒரு மூஞ்சின்னா சும்மாவா மாமா? கண்ணு எங்க போகுது, மனசுல என்ன ஓடுது, காலையில வீட்ல என்ன சண்டை, அத்தனையும் கணக்குப் போட்டாத்தான் ஒரு மூஞ்சி வரும். அதுக்குக் கரண்டு வேணுமில்லீங்களா? இவன் வெச்சிருக்கறது ஒரு ஆளுக்குத்தான் காணும்."

"கம்பெனிக்காரனுக்கு இது தெரியாதாக்கும்?"

"தெரிஞ்சேதான் வெச்சிருக்கான். வாங்கறவன் அவனையேதானே பாக்கப் போறான்?"

மருதாசலம் அதைத் தன்னைக் குறித்த பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை.

புது மின்வழங்கி வந்தது. பெட்டியின் இணைப்பு முனையோ கம்பெனிக்காரன் தனக்கென்று தனியாகச் செய்துகொண்டது. வேறெதுவும் அதில் பொருந்தக் கூடாதென்றே செய்தது. பூபதி இடையில் ஒரு மாற்று முனையைச் செருகினான். மின்வழங்கியின் உடம்பும் பெட்டிக்குள் அடங்கவில்லை. கடைசியில் அது வெளியே, மேசை விசிறியின் கழுத்தில் கட்டப்பட்டுத் தொங்கியது.

"ஏனுங்க, கொடலை உருவி வெளிய போட்டாப்ல இருக்குது. ஆரும் வந்தா ஒரு துண்டையாச்சும் போத்தி விடுங்க," என்றாள் சாரதாமணி.

"துண்டு போட்டாச் சூடேறீரும்க்கா," என்றான் பூபதி. "இந்த வளாகத்துல எல்லா வீட்லயும் இப்படித்தான் தொங்குது. நான்தானே மாட்டினேன். மூணாவது மாடி நாச்சிமுத்து அய்யா வீடு ஒண்ணுதான் பாக்கி."

"எனக்கு முன்னாடியே எல்லாருக்கும் மாட்டிட்டியா?" என்று மருதாசலம் முகத்தைச் சுருக்கினார். ஆனால் மண்டபம் விரிந்துவிட்டதால் சண்டையைத் தள்ளிவைத்தார்.

இந்த முறை முகங்கள் நிலைத்தன. "எனது நெடிய பொதுவாழ்வில்" என்றதும் பல் மருத்துவர் கொட்டாவியை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கினார். அந்த வரியை வெட்டினார். "வாகன நிறுத்தத்தை ஒழுங்குபடுத்துவேன்" என்றதும் இரண்டு கார் வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒழுங்குபடுத்த மாட்டேன்" என்று மாற்றிப் பார்த்தார். இப்போது கார் இல்லாதவர்கள் பார்த்துக்கொண்டார்கள். வாகனப் பேச்சையே எடுத்துவிட்டார்.

கோபம் வந்திருக்க வேண்டும், வந்தது ஆர்வம். எந்தச் சொல்லில் எந்த முகம் மூடுகிறது என்று பார்ப்பது, ஆறிக்கொண்டிருக்கும் புண்ணின் பொருக்கைக் கிள்ளுவது போன்ற சுகமாக இருந்தது. சோற்றை மறந்து ஓட்டிப் பார்த்தார். "நான்" என்று சொல்லும்போதெல்லாம் மண்டபம் முழுவதும் ஓர் இமைப்பு நேரத்துக்கு எல்லார் கண்ணிலும் கதவு சாத்தப்படுவதைக் கண்டுபிடித்தார். உலகத்தில் இதைக் கவனித்த முதல் ஆள் தானே என்று பூரித்து, எல்லா "நானை"யும் எடுத்தார். உரையில் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சியதையும் வெட்டி வெட்டி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து நின்ற உரை இது:

"வணக்கம். நன்றி."

மண்டபமே புன்னகைத்தது. பல் மருத்துவர் எழுந்து நின்று தட்டினார். உருளைக்கிழங்கில்லை, உண்மை முகம்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நாற்காலிகள் மட்டுமே இருந்தன. அது மருதாசலத்துக்கு அதிர்ச்சியில்லை. ஒத்திகையில் உட்கார்ந்தாலே கூட்டத்துக்கு வந்ததாகக் கணக்கு, ஒத்திகை மண்டபத்தில் உயர்ந்த கைகள் எல்லாம் வாக்கு என்று விதி கொண்டுவந்ததே அவர்தான். போன தேர்தலுக்குப் பிறகு, ஆள் சேராமல் கூட்டங்கள் கலைந்துகொண்டிருந்த காலம் அது. முன்கூட்டியே பெயர் கொடுத்த வேட்பாளர் மட்டும் நேரில் வந்து பேசியாக வேண்டும்.

முன்வரிசையில் ஒரே ஒருவர். பெட்டி மாற்றாத, ஒத்திகையே பார்க்காத நாச்சிமுத்து.

"ஏனுங்க செயலாளரே, மத்தவங்கெல்லாம் வரலீங்களா?"

"வந்துட்டாங்க."

"எங்கீங்க?"

"அவங்கவங்க வீட்ல." மருதாசலம் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார். "வணக்கம். நன்றி."

நாச்சிமுத்து தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். "ம்… சொல்லுங்க."

"அவ்வளவுதானுங்க."

"இதுக்கா சட்டை மாத்திட்டு வந்தேன்?"

சுவரிலிருந்த சங்கத்துப் பெட்டி, வீடுகளிலிருந்து வந்த முடிவுகளைச் சேர்த்து அறிவித்தது. "தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், மருதாசலம்."

அவர் கண் கலங்கியது.

"தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், பல் மருத்துவர் இளமாறன். தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், முதல் மாடி தெய்வானை…" பெட்டி தளம் தளமாக ஏறிக்கொண்டே போனது.

மருதாசலத்துக்கு மெதுவாகத்தான் உறைத்தது. அவர் பேச்சு இரண்டு சொல்லாகிவிட்ட செய்தி எல்லாப் பெட்டிகளுக்கும் போயிருக்கிறது. கூட்டத்தில் நேரம் ஏராளமாக மிச்சம். அவரவர் வீட்டு மண்டபத்தில் அவரவரும் எழுந்து, "நானும் நிக்கறேனுங்க" என்றிருக்கிறார்கள். முகங்களைப் பார்த்துப் பார்த்து வெட்டியிருக்கிறார்கள். எல்லாரும் வந்து நின்ற இடம் "வணக்கம். நன்றி." எல்லாருக்கும் ஏகமனதாகக் கை உயர்ந்திருக்கிறது. எந்த வீட்டு மண்டபம் செல்லும் என்று அவருடைய விதி சொல்லவில்லை.

"தேர்தல் முறைப்படி நிறைவுற்றது," என்றது பெட்டி. "மீதமுள்ள ஒரே உறுப்பினர், மூன்றாம் மாடி நாச்சிமுத்து."

நாச்சிமுத்து சுற்றுமுற்றும் பார்த்தார். "அப்ப எங்க குளியலறையில ஒழுகறதை ஆர்கிட்டச் சொல்றதுங்க?"

ஓய்வுபெற்ற நாளிலிருந்து மருதாசலத்திடம் யாரும் எதற்கும் முறையிட்டதில்லை. முதுகு தானாக நிமிர்ந்தது. "எங்கிட்டச் சொல்லுங்க. நான்தான் தலைவர்."

மின்தூக்கி திறந்தது. புதுச் சட்டையில் பல் மருத்துவர், பின்னால் தெய்வானை. மாடிப்படியில் இன்னும் பல காலடிகள். எல்லாருடைய கண்ணும் நாச்சிமுத்துவின் மேல்தான். மருதாசலம் எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போது பார்த்து அலைபேசி அடித்தது. பூபதி.

"மாமா, நாச்சிமுத்து அய்யா அங்க இருந்தா ஒரு வார்த்தை சொல்லிருங்க. அவரு பெட்டிக்குப் புது அட்டை வந்திருச்சு. சாயங்காலம் வந்து மாட்டிடறேன்."

"வேண்டாம் மாப்ளே," என்றார் மருதாசலம், பிடியை இறுக்கிக்கொண்டு. "அந்த மனுசனை மட்டும் விட்டுடு. எங்களுக்கு இருக்கறது அவர் ஒருத்தர்தான்."