இடது மிதவையில் நாலாவது தட்டு

"நான் தட்டினது மூணு தட்டு. உள்ளேருந்து திரும்பி வந்தது நாலு! இரும்புக்கே என்மேல அவ்வளவு மரியாதை ஓய்!"

பவானிபூரில் சௌந்தரம் அம்மாள் நடத்தும் இட்லிக் கடையில் மாரியப்பன் இப்படிச் சொன்னபோது, சாம்பார் வாளியோடு நின்றவருக்குக் கரண்டி நழுவியது. கடையே சிரித்த அந்தச் சிரிப்பில் தெருக்கோடி டிராம்கூட ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டுப் போயிருக்கும்.

மாரியப்பன் கார்டன் ரீச்சில் ஒரு தனியார் படகுப் பட்டறையில் முப்பத்தெட்டு வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாயில் நுழைந்த சுண்டெலி யானையாகத்தான் வெளியே வரும். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மிதவைக் குழாயை மூடி வெல்டிங் வைத்ததும் சுத்தியலால் மூன்று தட்டு தட்டிப் பார்ப்பது வழக்கம். "டங்" என்று நீண்டால் உள்ளே காற்று. "தொப்" என்று செத்தால் உள்ளே தண்ணீர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தத் தட்டுக்குப் பட்டறை அவரைத்தான் கூப்பிட்டது.

"டங்குன்னா காத்து, தொப்புன்னா தண்ணி. திருப்பித் தட்டினா உள்ள என்ன மச்சான்?" என்று கேட்டார் எதிரே உட்கார்ந்திருந்த கதிரேசன்.

"உள்ள எனக்கு ஒரு ரசிகன், மாப்ள."

"வெல்டிங் கட்டி ஒண்ணு உடைஞ்சு உருண்டிருக்கும். ரசிகனாம்!"

கதிரேசன் படகுகளைச் சோதித்துச் சான்றிதழ் எழுதும் சர்வேயர். மாரியப்பனின் தங்கை மகேஸ்வரியைக் கட்டியவர். எதையும் நம்பாமல் இருப்பதற்காகவே அவருக்குச் சம்பளம். கல்யாணமான இருபத்து மூன்று வருடத்தில் மச்சான் சொன்ன ஒன்றையும் அவர் நம்பியதில்லை. நம்பாமல் நஷ்டப்பட்டதும் இல்லை.

அது 2003, ஜனவரி. மாரியப்பன் தட்டிய அந்தக் குழாய் ஒரு பாண்டூன் படகின் இடது மிதவை. பாண்டூன் என்றால் வேறொன்றுமில்லை. இரண்டு நீளமான இரும்புக் குழாய்கள், அவற்றின் மேல் கல்யாணப் பந்தல் மாதிரி ஒரு தட்டையான மேடை. ஏரியில் விட்டால் தொட்டில். முதலாளி ராஜ்மோகன் அதைப் பொங்கலன்று ஹூக்ளி ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கே, சாகர் தீவுக்கு, விடுவதாக இருந்தார். நம் ஊர்க்காரர்கள் சங்கத்தில் நாற்பது பேர் சங்கராந்தி முழுக்குக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். பட்டியலில் முதல் பெயர் மகேஸ்வரி.

கடலுக்கு அது தாங்குமா என்று எழுதிக் கொடுக்க வேண்டியவர் கதிரேசன்.

"கட்டிலைத் தூக்கிக் கடல்ல போடுறதா, மாப்ள? ஏரி அலை படகைத் தாலாட்டும். கடல் அலை மேல ஏறி உக்காரும்."

"ஓட்டிப் பாத்துட்டு எழுதறேன். நீங்களும் வாங்க. உங்க ரசிகன் இருந்தா அறிமுகப்படுத்துங்க."

இரண்டு நாள் கழித்து, விடியும் முன்பே, கடல் பக்கம் வடியும் இறங்குநீரோடு கார்டன் ரீச்சை விட்டுக் கிளம்பினார்கள். கதிரேசன், மாரியப்பன், ஓட்டுவதற்கு நிமாய் என்ற வங்காளி. தை பிறக்கப்போகும் நேரத்து மூடுபனி, துவைத்துப் பிழியாத வேட்டி போல ஆற்றின்மேல் கிடந்தது. டீசல் நாற்றமும் சேற்று நாற்றமும் கலந்து தொண்டையில் ஒட்டின. ஆற்றில் படகு அருமையாகப் போயிற்று. கதிரேசன் மேடையில் வைத்த டீ டம்ளர் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவர் மனசுக்குள் பாதிக் கையெழுத்துப் போட்டாயிற்று.

பத்து மணி சுமாருக்கு, இருந்த கரை இரண்டு பக்கமும் இல்லாமல் போயிற்று. சேற்று நாற்றம் விலகி உப்பு நாற்றம் வந்தது. பனி மட்டும் விலகவில்லை. சூரியன் எங்கோ இருந்ததால் எல்லாம் வெள்ளையாக, பால் பாத்திரத்துக்குள் விழுந்த எறும்புக்குத் தெரிவது போல எல்லாத் திசையும் ஒரே மாதிரி தெரிந்தது. அப்போது படகின் மூக்கு முதல் தடவையாகத் தாழ்ந்தது. அலை ஒன்றும் பெரிதில்லை, முழங்கால் உயரம்தான். ஆனால் அது மூக்கைத் தூக்கவில்லை. மூக்கின்மேல் ஏறி, மேடை முழுக்க வழிந்து, கதிரேசனின் கணுக்காலை நனைத்துவிட்டுப் பின்பக்கம் இறங்கியது. டீ டம்ளர் உருண்டு போய்விட்டது.

டம்ளர் போன பிறகும் ஒரு சத்தம் இருந்தது.

டொக். டொக். டொக்.

மிதக்கும் கட்டை ஏதாவது இடிக்கும் என்று கதிரேசன் நினைத்தார். எட்டிப் பார்த்தார். கட்டை இல்லை. சத்தம் இடது பக்கம், பின்னால், காலுக்கு நேர் கீழே இருந்து வந்தது. ஈரமான சத்தம் இல்லை. காய்ந்த சத்தம். உள்ளங்கால் வழியாக ஏறி முழங்காலில் நின்றது.

மச்சானைப் பார்த்தார். இந்நேரம் மச்சான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும், "பாத்தியா என் ரசிகனை!" என்று. மாரியப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி நின்றார். இருபத்து மூன்று வருடத்தில் அந்த வாய் மூடியிருந்து கதிரேசன் பார்த்ததில்லை.

"வெல்டிங் கட்டி" என்றார் கதிரேசன், யாரும் கேட்காமலே.

டொக். டொக். டொக். இப்போது சத்தம் ஒரு முழம் முன்னால் வந்திருந்தது.

கட்டி உருளும், சரி. ஆனால் அந்தக் குழாய்க்குள் ஐந்து தடுப்புச் சுவர்கள் இருந்தன. ஒரு அறை ஓட்டையானாலும் மற்ற அறைகள் மிதக்க வேண்டும் என்பதற்காகப் போட்ட இரும்புச் சுவர்கள். வரைபடத்தில் அவரே பேனா வைத்து எண்ணியவர். சத்தம் முதல் சுவரைக் கடந்தது. நிதானமாக. இருட்டில் தடவிக்கொண்டு வருகிறவன் போல. பிறகு இரண்டாவது சுவர். அது முன்னால் வர வர, இடது பக்கம் மூக்கு இன்னும் தாழ்ந்தது.

"நிமாய், திருப்பு!"

நிமாய் ஏற்கனவே திருப்பிக்கொண்டிருந்தான். "ஆர் ஜாபோ நா, தாதா" என்றான். இதற்கு மேல் போகமாட்டேன், அண்ணா, என்று அர்த்தம். அவன் உதடு வெளுத்திருந்தது. "பிஷுவோட சைக்கிள் இன்னும் பட்டறை கேட் பக்கத்துலதான் நிக்குது, தாதா."

"யாரு பிஷு?"

மாரியப்பன் சொன்னார். மெதுவாக, ஒரு துளி உப்புக்கூடக் கூட்டாமல்.

"வெல்டர். குழாய்க்குள்ள தவழ்ந்து போய் உள்பக்கம் வெல்டிங் தையல் போடுறவன். உள்ள போறவன் செருப்பை வாசல்ல கழட்டி வச்சுட்டுத்தான் போவான். செருப்பு இருந்தா மூடக்கூடாது. அதான் எங்க பட்டறையில சட்டம். போன செப்டம்பர்ல, விசுவகர்மா பூஜைக்கு முந்தின நாள், சாமி வைக்கிற இடம்னு எல்லாத்தையும் கழுவி விட்டாங்க. கிடந்த செருப்பையெல்லாம் வாரி வெளிய போட்டாங்க. பூஜை ஆரம்பிச்சா ஆயுதத்தைத் தொடக்கூடாதே, அதுக்குள்ள குழாயை அவசரமா மூடினாங்க. மறுநாள் பூராவும் டாக்கு மேளம், மைக்கு, பட்டம் விடறது. பிஷு ஊருக்குப் போயிட்டான்னாங்க."

"நீங்க எப்ப தட்டினீங்க, மச்சான்?"

"பூஜைக்கு மறுநாள்."

கதிரேசன் கணக்குப் போட்டார். போட வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே போட்டார். மூடி இரண்டாவது நாள்.

"நாலு வந்துச்சு, மாப்ள. நான் சிரிச்சேன். கடை கடையாப் போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். சிரிக்கிறதை நிறுத்தினா..." மாரியப்பன் சுத்தியலை நீட்டினார். "தட்டு மாப்ள. நீ தட்டிப் பாரு. என் காதை நம்பவேணாம். உன் காதை நம்பு."

எஞ்சின் இருமி நின்றது.

பனி. உப்பு. தண்ணீர் இரும்பை நக்கும் சத்தம். கதிரேசன் மண்டியிட்டார். சுத்தியலை வாங்கிக்கொண்டார். மேடைப் பலகையின் இடைவெளி வழியாகக் குழாயின் முதுகில் தட்டினார்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

ஒன்றுமில்லை. மூச்சு விட்டார்.

டொக்.

அவர் முழங்காலுக்கு நேர் கீழே.

டொக்.

டொக்.

பிறகு ஒரு நீண்ட இடைவெளி. சோர்ந்தவன் கையைத் தூக்க எடுத்துக்கொள்ளும் நேரம்.

டொக்.

எப்படித் திரும்பினார்கள் என்பது நிமாய்க்கும் கங்கைக்கும்தான் தெரியும். ஆறு வந்ததும் சத்தம் நின்றது. மாரியப்பன் பட்டறை வாசலில் முதலாளியின் கையைப் பிடித்துக் கெஞ்சினார், குழாயை வெட்டிப் பார்க்கச் சொல்லி. "மாரியப்பன் பாபுவோட புதுக் கதையா?" என்று ராஜ்மோகன் முதுகில் தட்டிக் கொடுத்தார். கதிரேசன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். வாயைத் திறக்கவில்லை.

கதிரேசனின் அலிப்பூர் அலுவலகத்தில், ட்யூப்லைட் வெளிச்சத்தில், மேசைமீது படிவம் இருந்தது. கசிவு என்று ஒரு கட்டம். துரு என்று ஒரு கட்டம். தட்டினால் திருப்பித் தட்டுகிறது என்று எழுத அதில் கட்டம் இல்லை. வெல்டிங் கட்டி, என்றார் தனக்குத் தானே. எதிரொலி. பனியில் காது ஏமாறும். "அமைதியான வானிலையில் மட்டும்" என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். பேனா காகிதத்தில் மூன்று இடத்தில் மாட்டியது.

பொங்கல் காலை நல்ல வெயில். கார்டன் ரீச் படித்துறையில் படகுக்கு மாலை, எஞ்சினுக்குக் குங்குமம், தேங்காய் எல்லாம் ஆயிற்று. பூஜை போட்ட படகாயிற்றே, அதில் செருப்புக் காலோடு ஏறலாமா? நாற்பது பேரும், ஏறுவதற்குப் போட்ட பலகையின் வாயிலேயே செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டுவிட்டு ஏறினார்கள். மகேஸ்வரி மேடையிலிருந்து கதிரேசனுக்குக் கையசைத்தாள்.

அப்போது மாரியப்பன் ஓடி வந்தார். பலகையின் குறுக்கே படுத்துவிட்டார்.

"மகேசு, இறங்கு தாயி! எல்லாரும் இறங்குங்க!"

"மாமா, இன்னிக்கு எத்தனை தட்டு? அஞ்சா?" என்று மேடையிலிருந்து யாரோ கேட்டார்கள். நாற்பது பேரும் சிரித்தார்கள்.

"அண்ணே, மானத்தை வாங்காதீங்க!" என்றாள் மகேஸ்வரி.

சங்கச் செயலாளர் சீதாராமன் கதிரேசனிடம் திரும்பினார். "சார், நீங்கதானே ஓட்டிப் பாத்துக் கையெழுத்துப் போட்டது? உங்க மச்சானுக்கு நீங்களே சொல்லுங்க. ஏதாவது நடந்துச்சா?"

கதிரேசன் வாயைத் திறந்தார். இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அப்போது கண் கீழே போயிற்று.

வரிசையாகச் செருப்புகள். ஜரிகை வைத்தது, ரப்பர், பாட்டா. வரிசையின் கடைசியில் ஒரு ஜோடி தடித்த தோல் செருப்பு. வெல்டிங் பொறி விழுந்து பொத்தல் பொத்தலாகக் கருகியது. வெயிலில் எல்லாம் காய்ந்து கிடக்க, அது மட்டும் நனைந்து, அதைச் சுற்றி நீர் தேங்கியிருந்தது. விரல் நுனி படகைப் பார்த்து இருந்தது.

"இறங்குங்க" என்றார் கதிரேசன். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. பிறகு கத்தினார். "எல்லாரும் இறங்குங்க! கையெழுத்தை வாபஸ் வாங்கறேன்!"

முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார்கள். ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டார்கள். மகேஸ்வரி கடைசியாக வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன்னுடையதை மாட்டினாள். ஆள் இறங்க இறங்க வலது பக்கம் மேலே எழும்பியது. இடது பக்கம் எழும்பவில்லை. காலிப் படகு ஒரு தோளைத் தாழ்த்திக்கொண்டு நின்றது.

பலகையின் வாயில் ஒரு ஜோடி மட்டும் மிச்சம்.

சீதாராமன் குனிந்து பார்த்தார். "யாரோடது இது? இன்னும் யாரு உள்ள இருக்காங்க?"

யாரும் சிரிக்கவில்லை. பலகையோரம் ஒதுங்கி உட்கார்ந்திருந்த மாரியப்பன் நிமிர்ந்து மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். கீழே, இரும்பும் தண்ணீரும் சேரும் இடத்தில், யாரோ கையைத் தூக்க நேரம் எடுத்துக்கொள்வது போல ஒரு அமைதி.

"இருக்கார்" என்றார் கதிரேசன். "மச்சான் சொன்னது அத்தனையும் நெஜம், சார். நான் மூணு தட்டினேன். நாலு வந்துச்சு. என் காதால கேட்டேன்."