பதினோரு டன் இளைத்த பாலம்

பாலம் அந்த வாரம் மட்டும் பதினோரு டன் இளைத்திருந்தது.

பூங்கோதை எடைகாட்டியை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள். எண் மாறவில்லை. திங்கட்கிழமைக்குள் இளைப்பு நிற்காவிட்டால், பாலத்தைப் பிரித்து இறக்கிவிடலாம் என்று அவள்தான் கையெழுத்துப் போட வேண்டும். இருநூற்று இருபது ஆண்டுகளாக ஆற்றின் குறுக்கே நிற்கும் ஒன்பது கண் ரயில் பாலம். போராடி அனுமதி வாங்கி, அதை மனிதர்கள் நடக்கும் பாதையாக மாற்றிய பொறியாளரும் அவள்தான்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன், கூடுதல் பாரம் தாங்குவதற்காக இதன் இரும்புக்குள் உலோக நுண்ணுயிர்களைக் குடியேற்றினார்கள். அன்றிலிருந்து இது என்பிரும்பு. எலும்பு கூடுவதைப் போலத் தன் விரிசலைத் தானே மூடிக்கொள்ளும். தூண்கள் வழியே ஆற்றுநீரிலிருந்து இரும்பை உறிஞ்சி, பாரம் விழுகிற இடத்தில் தடித்துக்கொள்ளும். ரயில்களெல்லாம் நிலத்தடிக் காந்தக் குழாய்களுக்குப் போய்விட்ட பின், உலகத்திலேயே ஓய்வுபெற்ற முதல் என்பிரும்புப் பாலம் இதுதான். ஓய்வில் அது என்ன செய்யும் என்று யாரும் பார்த்ததில்லை.

பார்க்க அழகாகவே இருந்தது. பயமும் அதனால்தான். யானைக்கால் பருமனில் இருந்த விட்டங்கள் அரச இலைச் சருகின் நரம்புகளாக மெலிந்திருந்தன. காலை வெயில் அவற்றின் வழியே பொடிப்பொடியாக ஆற்றில் இறங்கியது.

ஏதோ நோய் என்று நினைத்து, பூங்கோதை முதலில் சைக்கிள்களைத் தடுத்தாள். பிறகு அக்கரைச் சந்தைக்குப் போகும் மஞ்சள் மூட்டைகளை. அப்புறம் ஒரு நேரத்தில் பத்துப் பேர்தான் என்றாள். ஊர்க்காரர்கள் அவளையும் மிஞ்சிவிட்டார்கள். நோயாளி படுத்திருக்கும் அறைக்குள் போவதுபோல, செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் பேச்சைக் குறைத்துப் பூனைபோல் நடந்தார்கள்.

ஊராட்சித் தலைவி குப்பாயாள் நுழைவாயிலில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். "ஏனுங் பெரியப்பா, மெல்ல மிதியுங்க! பாவம், வயசான சீவன்."

அப்போது மகுடபதி வந்து சேர்ந்தார். பூங்கோதையின் கணவர், இருபத்தாறு வருடம் இதே பாலத்தில் சரக்கு ரயில் ஓட்டியவர். நெஞ்சில் அறுவைச் சிகிச்சை ஆனதிலிருந்து, ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கவிடாமல் அவரை அவள் வீட்டோடு வைத்திருந்தாள்.

"ஏனுங்க, வெயில்ல எதுக்கு வந்தீங்க? டாக்டர் என்ன சொன்னாரு?"

"நடக்கச் சொன்னாரு. உக்காரச் சொன்னது நீ."

அவர் கைப்பிடியைத் தடவினார். முகம் வாடியது. "என்ன கோதை, இப்பிடி எலும்பும் தோலுமா ஆக்கி வெச்சிருக்கறே?"

"நான் என்னத்தைங்க பண்ணுனேன்? ஒரு மூட்டை ஏத்தறதில்லை. கூட்டம் விடறதில்லை. இதுக்கு மேல எப்பிடிங்க பாத்துக்கறது?"

"நாலாயிரம் டன் இழுத்துக்கிட்டு இது மேல போயிருக்கறேன். அன்னைக்கு ஒரு ஆணி அசையலை. நீ பாவம் பாக்க ஆரம்பிச்சப்பறந்தான் தேயுது. பாலம் மட்டுமா..." முடிக்காமல் ஆற்றைப் பார்த்தார்.

பூங்கோதை பத்து மாதப் பதிவுகளைத் திரையில் விரித்தாள். மெல்ல இறங்கிக்கொண்டிருந்த கோடு, சைக்கிளைத் தடுத்த நாளில் சரிந்திருந்தது. மூட்டையைத் தடுத்த நாளில் இன்னும் செங்குத்தாக. பத்துப் பேர் என்ற நாளில் பாதாளம். அவள் கொடுத்த மருந்தெல்லாம் பட்டினி.

ஆனால் இவ்வளவு மெலிந்த உடம்பில் பாரத்தை ஏற்றி, வளர்வதற்குள் முறிந்துவிட்டால்? கீழே ஆறு நுரைத்து ஓடியது.

ஊராருக்கு முன் மஞ்சளை அனுப்பினாள். நினைவுக்காக விட்டுவைத்திருந்த தண்டவாளத்தில் பராமரிப்புத் தள்ளுவண்டியை நிறுத்தி, எட்டு மூட்டை ஏற்றச் சொன்னாள். தள்ள ஒருவர் வேண்டும். அவளே கைவைத்தாள். மகுடபதி பக்கத்தில் வந்து நின்றார். வேண்டாம் என்று வாயெடுத்தவள், தள்ளி நின்று அவருக்கு இடம்விட்டாள்.

முதல் கண்ணின் நடுவில் பாலம் முனகியது. காலடியில் இரும்பு ஒரு விரல் தாழ்ந்தது. கரையில் குப்பாயாள் "அய்யோ!" என்று அலறினார்.

பிறகு ஒரு ரீங்காரம். தூணின் அடியிலிருந்து கிளம்பி, பாதங்கள் வழியே முதுகுத்தண்டுக்கு ஏறியது. விட்டங்களின் மேல் சாம்பல் நிற இழைகள் துளிர்த்தன. ஒன்றோடொன்று பின்னி, கண்ணெதிரே தடித்தன. தாழ்ந்திருந்த இரும்பு மெல்ல எழுந்து அவர்களைத் தூக்கியது. பூங்கோதைக்குக் கண் நிறைந்துவிட்டது. படைப்பின் முதல் நாளைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல் இருந்தது.

"பசியில கெடந்திருக்குது" என்றார் மகுடபதி, மூச்சு வாங்கியபடி, சிரித்துக்கொண்டே.

பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். மாலைக்குள் முந்நூறு பேர் நடந்துவிட்டார்கள். எடைகாட்டி மூன்று டன் ஏறியிருந்தது. இடிப்பு உத்தரவைப் பூங்கோதை கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினாள்.

"எத்தனை நாளைக்குங் கண்ணு இப்பிடி நடக்கோணும்?" என்றார் குப்பாயாள்.

"தினமுங்க்கா. இன்னைக்குத் தாங்குன பாரத்துக்குன்னு ஒடம்பை வளத்திருக்குது. ஆள் கொறைஞ்சா எளைக்கும்."

"தீவாளி நோம்பி அன்னைக்குமா?"

"அன்னைக்குந்தானுங்க்கா."

ரயில்களோடு ஒழிந்த கால அட்டவணை ஊருக்குள் திரும்பி வந்தது. வீட்டுக்கு வீடு முறை. வெளியூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் எடைக்கு ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் பெட்டியைக் கட்டினார்கள். குப்பாயாளின் மகளுக்குக் கோயம்புத்தூரில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. நாற்பது சொந்தக்காரர்கள் இரண்டு நாள் ஊரில் இல்லாவிட்டால் பாலம் என்னாவது? மாப்பிள்ளை வீட்டாரையே இங்கு வரவழைத்தார்கள்.

அறுநூறு பேர் வந்தார்கள். மேளத்தோடு பாலத்தின் மேல் ஆடிக்கொண்டே அக்கரைக்குப் போய் ஆடிக்கொண்டே திரும்பினார்கள். ஒன்பது கண்களும் ரீங்கரித்தன. அந்த ஒரு நாளில் பாலம் பதினான்கு டன் கூடியது. ஊரே கைதட்டி ஆர்ப்பரித்தது.

விருந்தாளிகள் பேருந்தேறிப் போனார்கள். மறுநாள் காலை ஊர் ஒருவர் குறையாமல் வழக்கம்போல் நடந்து முடித்தது. ஆனாலும் எடைகாட்டி இறங்கிக்கொண்டே இருந்தது. பூங்கோதை விட்டத்தில் காதை வைத்தாள். உள்ளே அந்த ரீங்காரம், வராத அறுநூறு பேரைத் தேடிக்கொண்டிருந்தது.